சிறுநீரகத்துக்கு ஒரு விருந்து

டாக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் ஓர் எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த இரத்தத்தில் அந்த எண் ஒழுங்காக இருந்தது. இப்போது ஏறியிருந்தது.

எடையைக் குறைத்திருக்கிறீர்கள், நல்லது என்றார். ஆனால் உங்கள் சிறுநீரகம் முன்பு போல வேலை செய்யவில்லை என்று இந்த எண் காட்டுகிறது, இந்த நிலையில் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்து உங்கள் அக்காவுக்கு வைக்க முடியாது என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதற்குள் குடும்பத்தில் வேறு யாராவது கொடுக்க முன்வந்தால் அழைத்து வாருங்கள் என்றார். மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகப் பேசினார்.

பக்கத்து நாற்காலியில் செல்வம் அத்தான் இருந்தார். என் அக்காவின் கணவர். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். மடியில் தொப்பியை வைத்து அதன் விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தவர், டாக்டர் பேசி முடித்ததும் திருகுவதை நிறுத்தினார்.

“அடா மாக்கான் ஊபாட் கம்போங்?” என்று டாக்டர் என்னைக் கேட்டார். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று.

“தாக் அடா, டாக்டர்,” என்றேன். இல்லை. மாத்திரை? அதுவும் இல்லை. வேறு ஏதாவது? இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தொடர் எழுத ஒப்புக்கொண்ட பிறகு நல்லவள் வேடம் போடுவதில் அர்த்தமில்லை. எனக்கு ‘அப்பாடா’ என்று இருந்தது.

போன வாரம் விழுங்கிய காரணம்

போன வாரம், நாற்பத்து நான்கு வயதில் நான் இரும்பு தூக்கப் போன கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். இறுக்கமான காற்சட்டை கால் முட்டியோடு நின்றுபோனதை எழுதினேன். ஏன் போனேன் என்பதை மட்டும் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டேன். “இந்த வயசுல என்ன திடீர் ஆசை?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆசை இல்லை அம்மா. டாக்டர் சொன்னார்.

அக்கா பெயர் வசந்தி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். சின்ன வயதிலிருந்தே அவள் கொடி, நான் பூசணி. அவள் போட்டுக் கழித்த பாவாடை எதுவும் எனக்குச் சேர்ந்ததில்லை. வீட்டில் எனக்கு வைத்த பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் ‘குண்டு’. அவள் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மூன்று வருடமாக அக்கா கிள்ளானில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் போய்வருகிறாள். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி, ஒன்றில் இரத்தம் வெளியே போகும், மற்றதில் திரும்பி வரும். அந்தக் கை இப்போது நரம்பு புடைத்துக் கயிறு சுற்றியது போல இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருப்பாள்.

யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது பட்டியல் சீக்கிரமே முடிந்துவிட்டது. அம்மா, அப்பா இல்லை. அத்தானுக்குச் சர்க்கரை. மகள் துர்கா செமினியில் கல்லூரியில் படிக்கிறாள், இருபத்தொரு வயது, அவளைக் கேட்கவே கூடாது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். மிச்சம் நான்.

செராஸிலிருந்து வந்த பெரியம்மா என் தலையைத் தடவிச் சொன்னார். “ஒனக்கு என்னா லா, புள்ளயா குட்டியா? ஒத்த ஆளுக்கு ஒண்ணு போதும்.”

காலியாகக் கிடக்கும் அறையை வாடகைக்கு விடச் சொல்வது போலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் சிரித்தேன். நான் எப்போதும் செய்கிற காரியம் அது.

மஞ்சள் சீட்டு

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுவதுதான் என் பிழைப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் குமாஸ்தா. வீடு வாங்குகிறவர்களுக்கான ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டி வைப்பேன். வருகிறவர்கள் சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். முப்பது வருடக் கடனை இரண்டு நிமிடத்தில் ஒப்புக்கொள்கிறார்களே என்று நானும் என் தோழியும் தேநீர் நேரத்தில் கேலி செய்வோம்.

மருத்துவமனையில் என் முன்னால் ஒரு படிவம் வைத்தார்கள். அதை நான் படிக்கவில்லை. ‘இது உங்கள் சொந்த விருப்பமா, யாராவது வற்புறுத்தினார்களா’ என்று ஒரு கேள்வி இருந்தது மட்டும் கண்ணில் பட்டது. அத்தான் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டத்தில் ஒரு குறி, கீழே ஒரு கையெழுத்து. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது நான் எண்பத்தெட்டு கிலோ. இரத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த எடையோடு உங்களை அறுவை அறைக்குள் அழைத்துப்போக முடியாது என்றார் டாக்டர். பத்து கிலோவாவது குறைத்துக்கொண்டு வாருங்கள், பட்டினி கிடந்து அல்ல, தசை கரையாமல் கொழுப்பைக் குறையுங்கள் என்றார்.

அத்தான் லோரி ஓட்டுகிறவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஒருவருடைய தங்கை உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறாளாம், அதுவும் பிரிக்ஃபீல்ட்ஸில், என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில். தப்பிக்க வழியே இல்லை.

மணிக்கடைக்கு மேலே

அந்தக் கூடம் ஒரு பூசைச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மேலே யாராவது பாரத்தைத் தரையில் போட்டால் கீழே கூரையில் தொங்கும் பித்தளை மணிகள் எல்லாம் ஒன்றாக ஆடும். கடைக்கார அங்கிள் கம்பால் கூரையை இடிப்பார். நாங்கள் மறுபடி போடுவோம். அவர் மறுபடி இடிப்பார். நாள் முழுக்க இதுதான்.

பயிற்சியாளர் பெயர் யோகேஸ்வரி. யோகேஸ் என்று கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் நின்றால் பீரோ மாதிரி நிற்பாள். முதல் நாள் என்னை ஓர் இயந்திரத்தின் மேல் செருப்பில்லாமல் ஏற்றி, இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னாள். அது ஒரு காகிதத்தைத் துப்பியது. அதில் உடம்பின் கொழுப்புக்கு ஒரு கோடு, தசைக்கு ஒரு கோடு. என் கொழுப்புக் கோடு காகிதத்தின் ஓரம் வரை ஓடியிருந்தது.

“அக்கா, கிலோவ பாக்காதீங்க. இந்த ரெண்டு கோட்ட பாருங்க. இது கொறையணும், இது ஏறணும். அவ்வளவுதான்.”

“ஹாஸ்பிட்டல்ல கிலோவத்தான் பாப்பாங்க, யோகேஸ்.”

“அதுவும் வரும். மெதுவா வரும்.”

ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். ரொட்டி சானாய், தே தாரிக், மத்தியானம் சோறு, நாலு மணிக்கு முறுக்கு, வெள்ளிக்கிழமை மரக்கறி. படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இதுல புரதம் எங்கக்கா இருக்கு?”

“சாம்பார்ல பருப்பு இருக்குமே.”

“இருக்கும். தேடணும்.”

அன்றிலிருந்து முட்டை, தெம்பே என்கிற சோயாக்கட்டி, கோழி நெஞ்சுக்கறி, கெம்போங் மீன். காலையில் அலுவலக அவசரத்தில் ஒரு கரண்டி புரதத்தூளைப் பாலில் கலக்கிக் குடிப்பேன். சாக்லேட் வாசனை, ஆனால் அடியில் சுண்ணாம்பு ருசி. மூன்றாம் மாதம் யோகேஸ் இன்னொரு தூள் கொடுத்தாள். வெள்ளை, ருசியே கிடையாது. கிரியாட்டின் என்று பெயர். தினம் ஒரு சின்னக் கரண்டி, பாரம் தூக்கத் தெம்பு வரும் என்றாள். டப்பா மூடி சரியில்லை என்று நான் அதைப் பழைய காப்பித்தூள் போத்தலில் கொட்டி அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது பெருங்காயத்துக்கும் உப்புக்கும் நடுவில் இருந்தது.

ஐந்தாம் மாதம் எடை நின்றது. தராசில் முள் நகரவே இல்லை. யோகேஸ் காகிதத்தைப் பார்த்துக் கை தட்டினாள், கொழுப்பு இறங்கித் தசை ஏறியிருக்கிறதாம். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அக்கா ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தசை வளர்ந்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமான் பையோடு கே.டி.எம். ரயில் நிலையத்தின் படியேறினேன், மூச்சு வாங்கவில்லை. அலுவலகத்தில் கோப்புப் பெட்டியை நகர்த்த யாரையும் கூப்பிடவில்லை. ஒரு நாள் குளித்துவிட்டுக் கண்ணாடியில் என் தோளைப் பார்த்தேன், அங்கே ஒரு மேடு இருந்தது, அதைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக என் உடம்பு எனக்குப் பிடித்திருந்தது.

கொடுப்பதற்காகச் சரிசெய்யத் தொடங்கிய உடம்பு. பிடித்துப்போன பிறகு அதைக் கத்திக்குக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆட்டுக்கறி

இரண்டாவது பரிசோதனை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் காலையில் கூடத்துக்குப் போனேன். மறுநாள் பரிசோதனை என்று யோகேஸிடம் சொல்லத் தோன்றவில்லை. யோகேஸ் கம்பியில் எண்பத்தேழரை கிலோவை மாட்டினாள்.

“அக்கா, நீங்க மொத நாள் இங்க வந்தப்ப இருந்த எடை. அரை கிலோவ விட்டுடுங்க. தூக்குங்க.”

தூக்கினேன். முதுகு விறைத்து, பல்லைக் கடித்து, பழைய என்னைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தேன். பிறகு கீழே போட்டேன். கீழே மணிகள் எல்லாம் அடித்தன. அங்கிள் கம்பால் இடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதே கையோடு ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். அத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

வாசலிலேயே வாசனை தூக்கியது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அந்த மனிதர் ஒரு குவளைத் தண்ணீர் தானாக எடுத்துக் குடித்துப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க அடுப்பு முன்னால் நின்றார். விடியற்காலையில் பாசாருக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கியிருக்கிறார். கறி மட்டுமில்லை. கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து ஆட்டுச் சிறுநீரகமும் வாங்கியிருக்கிறார். எட்டு. மிளகு போட்டுச் சுருளச் சுருள வறுத்திருந்தார்.

“எதச் சாப்பிட்டா அதுக்குத்தான் பலம். ஈரலு ஈரலுக்கு, மூள மூளைக்கு. நாளைக்கு டாக்டர் பாக்கறப்ப கும்முனு இருக்கணும்.”

எங்கள் பக்கம் அப்படித்தான். எலும்பு முறிந்தால் எலும்பு சூப்பு. யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை, எனக்கும் வரவில்லை.

என்னை உட்கார வைத்தார்கள். செராஸ் பெரியம்மாவும் வந்திருந்தார். எதிரே அக்கா. அவள் தட்டில் தண்ணீரில் ஊறவைத்து உப்பெல்லாம் இறக்கிய காய், கொஞ்சம் சோறு, ஒரு துண்டு மீன். அத்தான் என் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். கறி, குழம்பு, மறுபடி கறி. நான்காவது சிறுநீரகத்தை அவர் கரண்டியில் எடுத்தபோது, “போதும் அத்தான்,” என்றேன்.

“இன்னும் ஒண்ணு. அவளுக்காக.”

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மென்றேன். ரப்பர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. யாராவது ஒருவர் ‘பயமா இருக்கா’ என்று கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. பெரியம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

லிஃப்ட்

மறுநாள் இரத்தம் எடுத்தார்கள். வார இறுதியில் கூப்பிட்டார்கள். அதுதான் தொடக்கத்தில் சொன்ன அந்த அறை.

வெளியே வந்து அத்தான் கழிப்பறைக்குப் போனார். நான் லிஃப்ட் முன்னால் நின்றேன். அப்போதுதான் யோகேஸ் அந்த வெள்ளைத்தூளைக் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. “அக்கா, ரத்தம் டெஸ்ட் இருந்தா ஒரு மாசம் முன்னாடியே இத நிறுத்திடுங்க. கிட்னி நம்பர் ஏத்திக் காட்டும். கெட்டுப்போகல, ஆனா கெட்ட மாதிரி காட்டும். கறி நெறைய சாப்டாலும் அப்படித்தான். டெஸ்டுக்கு முந்தின நாள் பாரம் தூக்காதீங்க.”

மூன்று விஷயம் சொன்னாள். மூன்றையும் செய்துவிட்டுப் போயிருக்கிறேன்.

டாக்டர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக ஞாபகம் வரவில்லை. பெருங்காயத்தின் பக்கத்தில் இருப்பது என் கணக்கில் மருந்து இல்லை. ஆனால் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. டாக்டரின் அறை இருபது அடி தூரம். கதவைத் தட்டி ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

லிஃப்ட் கதவு திறந்தது. அத்தானும் வந்துவிட்டார். நான் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு வாரம்

எல்லோரும் என்னிடம் பிரியமாக நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. பெரியம்மா போன் செய்து, “பாவம்மா நீ, ஒன் கிட்னியையும் பாத்துக்க,” என்றார். அத்தான் தன் சமையலில் ஏதாவது கெட்டுப்போயிருந்ததா என்று கேட்டார். அக்கா போன் செய்து, “விடு குண்டு, நீ என்னா பண்ணுவ,” என்றாள். ஒவ்வொரு முறையும் “ம்” என்றேன்.

கூடத்துக்குப் போகவில்லை. யோகேஸ் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் போடவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டால் போதும், நான் மாட்டிக்கொள்வேன். காப்பித்தூள் போத்தலை எடுத்துத் தொட்டிக்குக் கீழே, துணி சோப்புக்குப் பின்னால் தள்ளினேன். ஆதாரத்தை ஒளிக்கிற புத்தி, வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடம் இருந்ததற்கு இதையாவது கற்றேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போகிறார்கள்தானே, அதற்குள் எண் தானாக இறங்கிவிடும், நான் எதையும் கெடுக்கவில்லை, கொஞ்சம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். நல்ல சமாதானம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வரை தாங்கியது.

அன்றைக்குச் செமினியிலிருந்து துர்கா போன் செய்தாள்.

“சித்தி, அம்மாகிட்ட சொல்லாதீங்க. நான் குடுக்கப்போறேன். அடுத்த செவ்வா அப்பாயின்மென்ட் எடுத்துட்டேன். அப்பா கூட வராரு.”

“ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா…”

“தெரிஞ்சா என்ன சித்தி? ஒங்களால முடியல, நான் இருக்கேன்ல. பயமாத்தான் இருக்கு. பரவால்ல.”

பயமாத்தான் இருக்கு, பரவால்ல. இருபத்தொரு வயதுப் பெண் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். என் மேலேயே எனக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது. போனை வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் வாக்கியத்தை அழகாக அமைத்துக்கொண்டே போனேன்.

பன்னிரண்டு

அக்காவுக்கு வியாழக்கிழமை மத்தியான முறை. நீண்ட அறையில் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். உள்ளே ஸ்பிரிட் வாசனை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கையிலிருந்து சிவப்புக் குழாய் போய், சுற்றி, திரும்பி வந்தது.

அமைத்துக்கொண்டு போன வாக்கியம் எதுவும் வரவில்லை.

“அக்கா, என் கிட்னிக்கு ஒண்ணும் இல்ல. நான் ஒரு பவுடர் சாப்ட்டேன், அதனாலதான் அப்படி காட்டுச்சு. அன்னிக்கே தெரியும். சொல்லல.”

கண்ணைத் திறந்தாள். “எப்ப தெரியும்?”

“டாக்டர் ரூம விட்டு வெளிய வந்ததும்.”

“ஏன் சொல்லல?”

“பயந்துட்டேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்தாள். ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்திரி ஓரத்தில் கொஞ்சம் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

“ரெண்டு வாரம். வாரத்துக்கு மூணுன்னா ஆறு தடவ. தடவைக்கு ரெண்டு ஊசி.” நிறுத்தினாள். “பன்னண்டு.”

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

“துர்காவும் குடுக்கப்போறேன்னு அப்பாயின்மென்ட் எடுத்திருக்கா, அக்கா. அதுக்காகத்தான் வந்தேன்.”

அப்போதுதான் அவள் முகம் மாறியது. எழுந்திருக்கப் பார்த்தாள், குழாய் இழுத்தது, இயந்திரம் கத்தத் தொடங்கியது, தாதி ஓடி வந்தாள்.

“நீ போ,” என்றாள் அக்கா. “மொதல்ல டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லு. அப்பறம் அவளுக்குச் சொல்லு. சொல்லிட்டு வீட்டுக்குப் போ. இங்க நிக்காத.”

வாசலில் நின்று மருத்துவமனைக்குப் பேசினேன். தூள், கறி, எண்பத்தேழரை கிலோ என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மறுமுனையில் இருந்த தாதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, “செமுவா செக்காலி, காக்?” என்றாள். எல்லாம் ஒரே நேரத்திலா என்று. ஆட்டுச் சிறுநீரகத்தையும் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கியது கேட்டது. தூளை இன்றோடு நிறுத்துங்கள், கனமான பாரம் வேண்டாம், கறி குறைவாகச் சாப்பிடுங்கள், நான்கு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்கலாம் என்றாள்.

அடுத்து துர்காவுக்குப் பேசினேன். அவள் அழுதாளா கோபப்பட்டாளா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சந்திப்பை ரத்து செய்துவிட்டதாக ஒரு வரி மட்டும் பிறகு அனுப்பினாள்.

கஞ்சி

நான்கு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. நான் கூடத்துக்குத் திரும்பிப் போனேன். யோகேஸ் முழுக்கதையையும் கேட்டுவிட்டு வெறும் கம்பியை மட்டும் என் கையில் கொடுத்தாள். பாரமே இல்லாத கம்பியை நான்கு வாரம் தூக்கினேன். கீழே மணி அடிக்கவில்லை. என்ன ஆச்சு என்று அங்கிள் ஒரு நாள் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பரிசோதனைக்கு முந்தின நாள், ஞாயிறு மத்தியானம், அத்தான் மறுபடி சாப்பிடக் கூப்பிட்டார். கஞ்சியும் பருப்புத் துவையலும் கீரையும் வைத்திருந்தார். கறி வாசனையே வீட்டில் இல்லை. “தெரியாம ஆக்கிப் போட்டுட்டேன் புள்ள,” என்று ஒரே தடவை சொல்லிவிட்டு, லோரியைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார்.

அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள். வாயில் ஐஸ்கட்டி இருந்தது. அது கரையும் வரை பேசவில்லை. நானும் கஞ்சியில் கை வைக்கவில்லை.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

எத்தனையோ மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். தலையை ஆட்டினேன்.

“அந்தப் பன்னண்டு ஊசிய நான் மறக்க மாட்டேன். அது வேற. இது வேற.” உள்ளங்கையால் வாயைத் துடைத்தாள். “வேணாம்னா இப்ப சொல்லு. என் ஒடம்புதான் ஒத்துக்காதாம்னு எல்லார்கிட்டயும் நான் சொல்லிக்கிறேன். பெரியம்மாகிட்டயும் சொல்லிக்கிறேன். ஒன் பேரு வெளிய வராது. நான் கேக்கவும் மாட்டேன், சாகற வரைக்கும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் தப்பிப் போகக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டது போல இருந்தது.

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன், மூக்கெல்லாம் ஒழுக. அவள் எழுந்து துண்டு எடுத்துக் கொடுத்தாள். ஆறிப்போன கஞ்சியைக் குடித்தேன். குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்றேன்.

மறுநாள் மருத்துவமனையில் தாதி கேட்பதற்கு முன்னாலேயே காப்பித்தூள் போத்தலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். இரத்தம் எடுத்த பிறகு படிவம் வந்தது. அதே படிவம்தான். இந்த முறை நான் மட்டும் தனியாகப் போயிருந்தேன். முதல் வரியிலிருந்து படித்தேன். என்னென்ன நேரலாம், எத்தனை நாள் வலிக்கும், கடைசி நிமிடம் வரை மனம் மாறலாம் என்று எல்லாம் எழுதியிருந்தது. அந்தக் கேள்வி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இது உங்கள் சொந்த விருப்பமா? கிட்டத்தட்ட இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். தாதி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. எண் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. எடையும் போதும். இனி மற்றப் பரிசோதனைகள், பிறகு நாள் குறிப்பார்கள். மஞ்சள் சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். அவள் நாற்காலியில் இருக்கிற நேரம், பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

“நல்லா இருக்காம், அக்கா.”

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

“குண்டு,” என்றாள். குரல் நடுங்கியது. மூன்று வருடத்தில் அவள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. “எனக்கு இப்ப பயமா இருக்குடி.”

“இருக்கட்டும்,” என்றேன். “ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம்.”